ஒலியின்மேற் சுமத்திய பழி

ஒரு வழக்குக்குத் தீர்ப்புக் கூறி ஐம்பது ஆண்டு கடந்த பின்பும், பழைய கட்டுகளை அவிழ்த்துச் சாட்சியங்களை மறுபடியும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்போர் உலகில் மிகச் சிலரே. நீதிமன்றத்தார் அவ்வாறு செய்வதில்லை. சரித்திர ஆசிரியர் எப்போதாவது செய்வர். இசையன்பரோ சலியாது செய்கின்றனர். மேன்முறையீட்டுக்கு அவர்களிடத்திற் காலவெல்லை கிடையாது. பீற்றில்ஸ் என்னும் ஆங்கிலேய இசைக்குழுவின் இறுதி வெளியீடாக 1970ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி வந்த 'லெற் இற் பீ' என்னும் இசைத்தட்டைப் பற்றி இன்றும் நடைபெறும் விசாரணை அத்தகையது. அன்று பலராலும் குறை கூறப்பட்ட அத்தட்டை இன்று பலர் மறுபடியும் கேட்டு, முன்னைய தீர்ப்பு நியாயமானதுதானா என வினவுகின்றனர். அவ்வினாவை இவ்வாரம் நாமும் எடுத்துக்கொள்வோம். இது மேனாட்டுச் சங்கீதத்தைப் பற்றிய வினா மட்டும் அன்று. ஒருவர் ஆக்கிய பொருளில் மற்றொருவர் கைவைப்பதைப் பற்றிய வினாவும் ஆகும். ஆதலின் எல்லார்க்கும் உரியதே.

இளைய வாசகர் பொருட்டுச் சில செய்திகளை முதலிற் கூறுதல் வேண்டும். லிவர்ப்பூல் நகரத்தினரான ஜோன் லெனன், போல் மக்காட்னி, ஜோர்ஜ் ஹரிசன், றிங்கோ ஸ்ரார் என்னும் நால்வரே பீற்றில்ஸ் குழுவினர். நாடு நாடாகச் சென்று பாடிவந்த அவர்கள், 1966ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆந் திகதி அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த கச்சேரியோடு அப்பயணங்களை நிறுத்திக்கொண்டனர். இரசிகரின் கூக்குரலிலே தம் வாத்திய ஒலி தமக்கே கேளாதபோது மேடையிற் பாடுவதாற் பயன் யாது? அதன்பின் ஒலிப்பதிவுக்கூடமே அவர்களுக்கு மேடையாயிற்று. மேற்பதிவு என்னும் முறை அங்கே அவர்களுக்குக் கைகொடுத்தது. முதலிற் பாடி வாசித்ததை நாடாவிற் பதிந்து, வேறு குரல்களையும் வாத்தியங்களையும் பிறிதொரு நாளில் அதன்மேற் சேர்த்துக்கொள்வதே அம்முறை. 1967இல் வெளிவந்த 'சார்ஜன்ற் பெப்பர்' தட்டு அம்முறையின் உச்சம் எனலாம். அவர்களுடைய தயாரிப்பாளரான ஜோர்ஜ் மார்ட்டின் சாஸ்திரீய சங்கீதம் முறையாகப் பயின்றவர். அவருடைய துணையின்றி அது கைகூடியிராது.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே அவர்களுடைய முகாமையாளர் பிரயன் எப்ஸ்ரீன் காலமானார். தலைமகனை இழந்த குடும்பம் போலாயிற்றுக் குழு. 1968இல் வெள்ளை உறையோடு வந்த இரட்டைத்தட்டைப் பதிவுசெய்த காலத்திலே மனக்கசப்பு மிகுந்து, ஸ்ரார் சில நாட்கள் விலகிச் சென்று மீண்டார். இந்நிலையில் மக்காட்னி ஒரு வழி கண்டார். பழைய நாட்களிற் போல நால்வரும் ஓர் அறையிற் கூடியிருந்து, மேற்பதிவு ஏதுமின்றி, புதிய பாட்டுகளை நேருக்கு நேர் பாடி வாசிப்பது. அந்த ஒத்திகையையும் அதன் முடிவில் நடைபெறும் கச்சேரியையும் படம் பிடிப்பது. இதுவே அவர் எண்ணம். பூச்சும் புனைவும் இல்லாத ஒலி என்பதே அம்முயற்சியின் விரதமாயிற்று. பின்னர் எழுந்த பூசலுக்கெல்லாம் வித்து இவ்விரதமே என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

1969ஆம் ஆண்டு ஜனவரி 2ஆந் திகதி டுவிக்கன்ஹம் என்னுமிடத்திலுள்ள சினிமாப் படப்பிடிப்பு மண்டபத்திலே வேலை தொடங்கிற்று. படத்தின் நெறியாளர் மைக்கல் லின்ட்சே ஹொக். காலையிற் கூடி, ஒளிவிளக்குகளின் நடுவே, கமராக்கள் பார்த்திருக்கப் பாட்டியற்றுதல் எவர்க்கும் எளிதன்று. 10ஆந் திகதி ஹரிசன் குழுவை விட்டு வெளியேறினார். பல பேச்சுக்குப் பின்பே திரும்பினார். மாத நடுவில் அம்மண்டபத்தைக் கைவிட்டு, லண்டன் சவில் றோ தெருவில் 3ஆம் இலக்கத்திலிருந்த அவர்களுடைய சொந்தக் கட்டிடத்தின் கீழறைக்கு இடம் மாறினர். அங்கே புதிதாக அமைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவிகள் பயன்படாதவை எனக் கண்டு, ஜோர்ஜ் மார்ட்டின் பழைய கூடத்திலிருந்து வேறு கருவிகளை இரவலாகக் கொண்டுவர நேர்ந்தது. 22ஆந் திகதி பிலி பிரெஸ்டன் என்னும் அமெரிக்கர் வந்து மின்பியானோவில் அமர்ந்தார். விருந்தினர் வந்த வீட்டிலே சச்சரவு அடங்குவது போல அவர் வரவால் எல்லாரும் இன்முகம் காட்டினர். வாத்தியமும் சிறந்தது. 30ஆந் திகதி அக்கட்டிடத்தின் கூரைமேல் ஏறி ஏறத்தாழ நாற்பது நிமிடம் வாசித்தனர். பொலிசார் வந்ததோடு அது முடிந்தது. அவர்கள் நால்வரும் பொதுமக்கள் கேட்க ஒன்றாக வாசித்தது அதுவே கடைசி.

நிற்க. பதிவு செய்த நாடாக்கள் மலைபோற் குவிந்தன. அவற்றிலிருந்து ஒரு தட்டை உருவாக்கும் பொறுப்புக் கிளின் ஜோன்ஸ் என்னும் ஒலிப்பதிவாளரிடம் விடப்பட்டது. 1969 மே மாதத்திலே அவர் ஒரு தொகுப்பை அமைத்துக் கொடுத்தார். இடையிற் பேச்சும், தவறித் தொடங்கிய தொடக்கங்களும் அப்படியே விடப்பட்ட, உண்மையிலே விரதத்துக்கு ஒத்த தொகுப்பு அது. குழுவினர் அதனை ஏற்கவில்லை. 1970 ஜனவரியில் அவர் திருத்திக் கொடுத்த இரண்டாவது தொகுப்பையும் ஏற்கவில்லை. தம் உண்மை முகத்தைக் கண்ணாடியிற் காட்டியபோது அவர்களுக்கே அது பிடிக்கவில்லை போலும். இதற்கிடையில் 'அபே றோட்' என்னும் வேறொரு தட்டை ஜோர்ஜ் மார்ட்டினோடு அவர்கள் செப்பமாகச் செய்து 1969 செப்டம்பர் 26ஆந் திகதி வெளியிட்டுவிட்டனர். ஆகவே கடைசியில் வெளிவந்த தட்டு கடைசியில் ஆக்கப்பட்டதன்று. இவ்வுண்மையை மறந்து கேட்போர் 'லெற் இற் பீ'யில் மரணப் படுக்கையின் முனகலைக் கேட்டதாக எண்ணியதில் வியப்பில்லை.

1970 மார்ச் மாத முடிவிலே அந்நாடாக்கள் பில் ஸ்பெக்டர் என்னும் அமெரிக்கத் தயாரிப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டன. லெனனும் ஹரிசனும் அதற்கு இசைந்தனர். குழுவின் அலுவல்களை அப்போது கவனித்துவந்த அலன் கிளைன் என்பவரும் இசைந்தார். அக்கிளைனை முகாமையாளராக ஏற்க மறுத்து ஒதுங்கியிருந்த மக்காட்னியிடம் கேட்டறியும் முயற்சி நடைபெறவில்லை. ஸ்பெக்டரோ அறுபதுகளின் தொடக்கத்திலே லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் பெரும்புகழ் ஈட்டியவர். ஒரே சுருதியைப் பல பியானோக்களும் பல கித்தார்களும் ஒரு சிறு அறையிலே சேர்ந்து ஒலிக்கச் செய்து, அவ்வொலியை எதிரொலி அறையொன்றினூடாகச் செலுத்திப் பதிவு செய்வது அவர் முறை. தனித்தனி வாத்தியம் எது என்று பிரித்தறிய முடியாதவாறு எல்லாம் ஒரு சுவர்போல எழுந்து நிற்கும். 'ஒலிச்சுவர்' என்றே அதற்குப் பெயரும் வழங்கிற்று. கருங்கல்லின் இயற்கை நிறமே அழகென்று கருதிக் கட்டிய கோயிற்றூணுக்கு வர்ணம் பூசவென்று, வர்ணப் பூச்சிலேயே பேர்பெற்றவரை அழைத்தது போலாயிற்று இது.

ஏப்ரல் 1ஆந் திகதி ஸ்பெக்டர் பெரிய வாத்தியக் குழுவொன்றை வரவழைத்தார். மக்காட்னி இயற்றிப் பாடிய 'த லோங் அன்ட் வைன்டிங் றோட்' என்னும் பாட்டு அவற்றுள் முக்கியமானது. நீண்டு வளைந்து செல்லும் பாதை என்று அப்பெயர் பொருள்படுமாதலின் இனி அதனை நீள்பாதைப் பாட்டு என்றே கூறுவோம். பியானோவோடு தனிக்குரலாய்ப் பாடப்பட்ட அப்பாட்டின்மேல் 18 வயலின்களும், வயோலாக்களும், செலோக்களும், எக்காளங்களும், ஹார்ப் என்னும் மேனாட்டு யாழும், 14 பெண்குரல்களும் ஏற்றப்பட்டன. குழுவினருள் அன்று அங்கே இருந்து ட்ரம் வாசித்தவர் ஸ்ரார் ஒருவரே.

மக்காட்னி இதனைக் கேட்டபோது அடைந்த சினத்தை அவரே பலமுறை வெளியிட்டுள்ளார். அம்மாதம் 14ஆந் திகதி கிளைனுக்கு ஒரு கடிதம் எழுதினார். தந்தி வாத்தியங்களையும் குரல்களையும் தணிக்குமாறும், யாழை நீக்குமாறும், தம் பாட்டில் எவரும் இனி இவ்வாறு செய்யலாகாதென்றும் அதிற் கேட்டுக்கொண்டார். மாற்றம் எதுவும் செய்யப்படாமலே தட்டு வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பர் 31ஆந் திகதி குழுவின் கூட்டாண்மையைக் கலைக்குமாறு அவர் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். தம் பாட்டு தம்மைக் கேளாமல் மாற்றப்பட்டது என்பதையும் தம் காரணங்களில் ஒன்றாக எடுத்துக் காட்டினார். ஒரு பாட்டிற் சேர்த்த வயலின் ஒலி நீதிமன்றப் படியேறியது உலக சங்கீத சரித்திரத்தில் அடிக்கடி நிகழ்வதன்று.

ஏப்ரல் 10ஆந் திகதியே மக்காட்னி விலகிவிட்ட செய்தி பத்திரிகைகளில் வெளிவந்திருந்தது. நான்கு வாரங் கழித்து வந்த தட்டை வாங்கியவர்கள் ஒரு சாவு வீட்டுக்குச் செல்லும் மனநிலையோடே வாங்கினர். அது விற்பனையில் முதலிடம் பெற்றது. நீள்பாதைப் பாட்டு அமெரிக்காவில் அக்குழுவின் கடைசி முதலிடப் பாட்டாயிற்று. படத்தின் பாட்டுகளுக்கு ஒஸ்கார் பரிசும் கிடைத்தது. ஆயினும் விமர்சகர் பலர் கடிந்தெழுதினர். இரசிகரிடையே ஒரு கருத்து நிலைத்துவிட்டது. நல்ல பாட்டுகள், ஸ்பெக்டர் வந்து வயலினால் மூழ்கடித்துக் கெடுத்துவிட்டார் என்பதே அது. பல ஆண்டுகளாக இக்கருத்தே தீர்ப்பாக வழங்கிற்று.

இத்தீர்ப்பை இன்று மறுபடி ஆராய்வோர் முதலில் எடுத்துக் காட்டுவது ஒரு சிறு கணக்கு. தட்டில் உள்ள பாட்டுகள் 12. அவற்றுள் ஸ்பெக்டர் பெருவாத்தியக் குழுவைச் சேர்த்தவை மூன்றே: நீள்பாதைப் பாட்டு, 'அக்ரோஸ் த யூனிவர்ஸ்', 'ஐ மீ மைன்'. எஞ்சியவற்றுள் மூன்று கூரைமேல் வாசித்தவை. காற்றின் குளிரும் விரலின் தடுமாற்றமும் அவற்றில் அப்படியே உள்ளன. பாட்டுக்கிடையே குழுவினர் பேசிய வேடிக்கைப் பேச்சையும் ஸ்பெக்டர் பல இடங்களில் விட்டுவைத்தார். எனவே தட்டு முழுவதும் வயலினில் மூழ்கிற்று என்பது செவி கண்ட உண்மையன்று. ஒரு பாட்டைப் பற்றிய கோபம் மற்றப் பாட்டுகளின்மேலும் படர்ந்தது.

இரண்டாவதாக அவர்கள் காட்டுவது இதனினும் வலியது. பீற்றில்ஸ் பாட்டிலே தந்தி வாத்தியம் புதியதா? 1965இல் வந்த 'யெஸ்ரர்டே' என்னும் பாட்டில் மக்காட்னியின் குரலோடு செல்வது நான்கு தந்தி வாத்தியங்களே. 1966இல் வந்த 'எலனர் றிக்பி' பாட்டில் எட்டுத் தந்தி வாத்தியங்களைத் தவிர வேறு வாத்தியமே இல்லை. 1968இன் வெள்ளைத்தட்டு, பெரிய வாத்தியக் குழுவும் பாடகர் கூட்டமும் சேர்ந்த ஒரு தாலாட்டோடு முடிகின்றது. அவற்றை எவரும் பழிக்கவில்லை, அழகென்றே கொண்டாடினர். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தாற் பொன்குடம் என்னும் நம் பழமொழி இங்கே நன்கு பொருந்தும். ஜோர்ஜ் மார்ட்டின் சேர்த்தால் அணிகலன், ஸ்பெக்டர் சேர்த்தாற் பாரம் என்று கூறுவோர், வயலினைக் குறை கூறவில்லை. வேறொன்றைக் குறை கூறுகின்றனர்.

அவ்வேறொன்று யாது? 'யெஸ்ரர்டே' பாட்டுக்கு வாத்திய அமைப்பு எழுதியபோது மக்காட்னி மார்ட்டினின் அருகே அமர்ந்து, இவ்விடத்தில் இது வேண்டும், அவ்விடத்தில் அது வேண்டாம் என்று கூறினார். நீள்பாதைப் பாட்டுக்கு எழுதியபோது அவர் அங்கே இல்லை; அவரைக் கேட்கவும் இல்லை. மனத்தைப் புண்படுத்தியது வயலின் அன்று, கேளாமை. எனினும் கேளாமையைத் தட்டிலே கேட்க முடியாது. வயலினைக் கேட்க முடியும். ஆகவே பழி வயலினுக்குச் சென்றது.

இந்த உண்மையைச் செவியாற் சோதித்துப் பார்க்கும் வசதி இன்று இருக்கின்றது. நீள்பாதைப் பாட்டை 1969 ஜனவரி 26ஆந் திகதி ஒருமுறை பதிந்தனர்; 31ஆந் திகதி மறுபடியும் பதிந்தனர். ஸ்பெக்டர் எடுத்துக்கொண்டது 26ஆந் திகதிப் பதிவு. அப்பதிவே வயலின்கள் இல்லாமல் 1996இல் ஒரு தொகுப்பில் வெளியாயிற்று. மக்காட்னி பியானோவில் இருந்தமையாற் பேஸ் கித்தாரை லெனன் வாசித்தார். அது அவருக்குப் பழக்கமான வாத்தியம் அன்று. பல இடங்களிற் சுரம் தவறுகின்றது. ஒத்திகையாகக் கருதி வாசித்ததுபோல் உள்ளது. ஸ்பெக்டரின் வயலின்கள் அத்தவறுகளை ஓரளவு மறைத்தன என்பதை மறுத்தல் இயலாது. அதே வேளையில், செம்மையான 31ஆந் திகதிப் பதிவு கையில் இருக்க, குறைப்பட்டதை எடுத்து அதன் குறையை மறைப்பானேன் என்று மக்காட்னியின் கட்சியார் கேட்பதும் நியாயமே.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறொன்றும் விளங்கும். வாத்தியக் குழு இல்லாத பாட்டிலே அடிக்கும் அடிக்கும் இடையே சிறு மௌனம் வருகின்றது. பியானோ ஓரிரு சுரம் ஒலித்து ஓய்கின்றது. அந்த மௌனத்திலே ஒரு தனி மனிதனின் தனிமை தெரிகின்றது. ஸ்பெக்டர் அந்த மௌனங்களையெல்லாம் நிரப்பிவிட்டார். தனிமை போயிற்று, அதற்குப் பதிலாக ஓர் ஊர்வலம் வந்தது. பெருங்கூட்டம் ஒன்று திரண்டு விடைகொடுக்கும் ஒலி அது. 1970இல் உலகெங்கும் இருந்த இரசிகரின் மனநிலைக்கு அவ்வொலி ஒத்திருந்தது என்று இன்று சிலர் கூறுவதில் உண்மை உண்டு. மக்காட்னி பாடியது தம் தனிமையை. ஸ்பெக்டர் சேர்த்தது ஊராரின் துயரத்தை.

2003 நவம்பரில் மறுபக்கத்து வாதம் தட்டாகவே வெளிவந்தது. 'லெற் இற் பீ நேக்கட்' என்பது அதன் பெயர். அணிகளைந்த வடிவம் என்று கொள்க. ஸ்பெக்டர் சேர்த்தன யாவும் அதில் நீக்கப்பட்டன. நீள்பாதைப் பாட்டுக்கு 31ஆந் திகதிப் பதிவு எடுத்துக்கொள்ளப்பட்டது. இதுவே உண்மையான தட்டு என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் நுணுகிக் கேட்டோர் வேறொரு செய்தியைக் கண்டனர். கூரைமேல் இருமுறை வாசித்த பாட்டுகளின் நல்ல பகுதிகளை வெட்டி இணைத்து ஒரே பாட்டாகச் சில இடங்களில் அமைத்திருந்தனர். கணினியின் உதவியால் இரைச்சலைத் துடைத்திருந்தனர். இடைப்பேச்சுகள் யாவும் போயின. ஆடையைக் களைந்துவிட்டு மேனிக்கு மெருகு பூசியது போலாயிற்று. விரதத்தை உள்ளபடி காத்த கிளின் ஜோன்ஸின் 1969ஆம் ஆண்டுத் தொகுப்போ 2021 ஒக்டோபரிலேதான் முறைப்படி வெளியிடப்பட்டது. அதனைக் கேட்ட பலர், குழுவினர் அன்று ஏன் வேண்டாமென்றனர் என்பது இப்போது விளங்குகின்றது என்றனர். இயற்கையான ஒலி என்று ஒன்று எங்கோ இருந்தது, ஸ்பெக்டர் அதனைக் கெடுத்தார் என்னும் கதை இவ்வாறு தளர்ந்தது. எந்த வடிவமும் யாரோ ஒருவர் தேர்ந்ததே.

அவ்வாண்டு நவம்பரிலே பீற்றர் ஜாக்சன் என்னும் நியூசிலாந்து நெறியாளர், 1969இல் எடுத்த ஏறத்தாழ 60 மணி நேரப் படச்சுருள்களிலிருந்து, எட்டு மணி நேரம் வரையில் ஓடும் மூன்று பாகப் படமொன்றை ஆக்கி அளித்தார். 1970இல் வந்த படம் ஏறத்தாழ எண்பது நிமிடத்தது. எண்பது நிமிடத்தில் அடக்கியபோது முகச்சுளிப்பு மிகுதியாகத் தெரிந்தது. எட்டு மணி நேரமாக விரித்தபோது சிரிப்பும் தெரிந்தது. ஒரு காலையில் லெனன் வரத் தாமதமாக, மக்காட்னி பேஸ் கித்தாரை மீட்டி ஏதோ முணுமுணுக்கின்றார். எதிரே ஹரிசன் கொட்டாவி விடுகின்றார். ஸ்ரார் பார்த்திருக்கின்றார். சில நிமிடத்தில் அம்முணுமுணுப்பு 'கெற் பக்' என்னும் பாட்டாகத் திரள்கின்றது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு பாட்டுப் பிறப்பதைக் கண்ணாற் கண்டவர்கள், அதே பாட்டைத் தட்டிலே திரும்பக் கேட்டபோது, முன்னர் கேட்ட முனகல் கேட்கவில்லை. தட்டு மாறவில்லை, கேட்போர் மாறினர். எனினும் ஜாக்சன் படமும் ஒருவர் தேர்ந்தெடுத்ததே என்பதையும், ஹரிசன் விலகிச் சென்ற நாளும் அதில் உண்டு என்பதையும் மறத்தலாகாது. சச்சரவு பொய்யன்று, சச்சரவு மட்டுமே இருந்தது என்பதே பொய்.

இனி, ஸ்பெக்டரின் பக்கத்தில் நின்று பேசுவோர் கூற்றையும் கேட்போம். எவரும் தொட விரும்பாத நாடாக் குவியலிலிருந்து கேட்கத்தக்க ஒரு தட்டை அவர் ஆக்கிக் கொடுத்தார் என்று லெனன் பின்பு பரிந்து பேசினார். ஹரிசனும் லெனனும் அடுத்துச் செய்த தம் சொந்தத் தட்டுகளுக்கு அவரையே அழைத்தனர். 'ஐ மீ மைன்' என்னும் ஹரிசனின் பாட்டு ஒன்றரை நிமிடத்தில் முடிவதாயிருந்ததை, ஒரு பகுதியைப் பிரதிசெய்து இணைத்து ஏறத்தாழ இரண்டரை நிமிடப் பாட்டாக்கியவர் அவரே. நான், எனது என்னும் அகந்தையைப் பற்றிய அப்பாட்டை, லெனன் இல்லாமல் மூவராகக் கூடி 1970 ஜனவரி 3ஆந் திகதி பதிந்தனர் என்பது நெஞ்சைத் தொடும் செய்தி. அவ்வாத்திய அமைப்பைப் பிற்காலத்திலே மக்காட்னி தம் மேடைகளிற் பயன்படுத்திக்கொண்டாரே என்று ஸ்பெக்டர் சுட்டிக் காட்டியதும் உண்டு.

இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் கூறியே ஆகல் வேண்டும். ஸ்பெக்டர் 2003இல் தம் இல்லத்தில் ஒரு நடிகையைச் சுட்டுக் கொன்ற குற்றத்துக்காக 2009இலே தண்டனை பெற்று, 2021 ஜனவரியிற் கைதியாகவே இறந்தார். அக்கொடுமையை எந்த இசையும் ஈடுசெய்யாது. ஆனால் அதனைக் காரணமாகக் காட்டி 1970இன் வயலின் ஒலியைக் கெட்டதென்றலும், வயலின் ஒலி இனிதென்று காட்டி அக்குற்றத்தைச் சிறிதென்றலும் ஒரே வகைத் தவறு. அளவுகோலை மாற்றி அளப்பதே அத்தவறு.

எமது கருத்து இதுவே. இவ்வழக்கில் இரண்டு வினாக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒலி நன்றா என்பது ஒன்று. செயல் நியாயமா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குச் செவி விடை கூறும். அவ்விடை ஆளுக்கு ஆள் வேறுபடலாம். ஒருவருக்கே வயதுக்கு வயது வேறுபடலாம். இரண்டாவது வினாவுக்கு விடை வேறுபடாது. உயிரோடிருக்கும் ஒருவர் ஆக்கிய பாட்டை, அவர் வேண்டாமென்று எழுதிய பின்னும் மாற்றியபடியே வெளியிட்டது நியாயமன்று. மாற்றம் அழகாயிருந்தாலும் நியாயமன்று. அழகாயிருந்ததால் நியாயமாயிற்று என்று ஸ்பெக்டரின் கட்சியார் சிலர் நழுவுகின்றனர். நியாயமன்றாதலால் அழகுமன்று என்று மக்காட்னியின் கட்சியார் சிலர் பிடிவாதம் பிடிக்கின்றனர். ஐம்பது ஆண்டுப் பூசலும் இவ்விரு வினாக்களையும் ஒன்றாக்கியதால் விளைந்ததே.

நம் வீடுகளிலும் இது நிகழ்வதுண்டு. தந்தையின் வீட்டை ஒரு மகன் மற்றவரைக் கேளாமற் புதுக்குகின்றான். சுவர் நிமிர்கின்றது, கூரை ஒழுக்கு நிற்கின்றது. மற்றவர் வந்து பார்த்து வர்ணம் சரியில்லை என்கின்றனர். வர்ணத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கிற் பேசுகின்றனர். வர்ணத்தை மாற்றினும் மனம் ஆறுவதில்லை. ஏனெனிற் புண் வர்ணத்தால் வந்ததன்று. என்னைக் கேட்கவில்லையே என்னும் ஒரு சொல்லை வெளிப்படையாகச் சொல்லவும், அதனைச் செவிகொடுத்துக் கேட்கவும் இயலுமானால் வர்ணத்தை வர்ணமாகவே பார்க்கலாம்.

இசையன்பர் இப்போது செய்துவருவது அத்தகைய வேலையே. கேளாமையைக் கேளாமை என்று பெயரிட்டு ஒருபுறம் வைத்துவிட்டு, தட்டைத் தட்டாகவே கேட்கின்றனர். அவர்களுட் சிலர் இன்னும் 2003ஆம் ஆண்டு வடிவத்தையே விரும்புகின்றனர். சிலர் பழைய வயலின்களுக்கே திரும்பிவிட்டனர். சிலர் இரண்டையும் வேறு வேறு வேளைகளிற் கேட்கின்றனர். ஒத்த தீர்ப்பு வந்துவிடவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. குரல் மட்டும் முன்னைவிடத் தணிந்திருக்கின்றது.

ஆர்வமுள்ள வாசகர் நீள்பாதைப் பாட்டை 1970, 1996, 2003 என்னும் ஆண்டு வரிசையில் மும்முறை கேட்டுப் பார்ப்பாராக. கேட்கும்போது வீட்டிலுள்ள பிள்ளைகளையும் அருகே அமர்த்திக்கொள்ளலாம். எதில் எவர் சரி என்று முன்கூட்டியே சொல்லாது விடுவது நல்லது. அவர்கள் வயலினைக் கேட்பர், பியானோவைக் கேட்பர், வழக்கைக் கேட்கமாட்டார்கள். அவர்கள் கூறும் விடையைப் பெரியோர் பொறுமையோடு கேட்டிருத்தல் நன்று.